குதிரையில் தொடங்கிய சந்தேகம்: இந்தக் கிழமைக் கேள்வி பதில்

போன இதழில் ஒரு பதிலுக்கு நடுவே, 1972-இல் அமெரிக்காவில் சந்தேக நோய் பிடித்த மனிதர் போலக் கதைக்கும் ஒரு கணினி நிரல் இருந்தது என்று ஒரே ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்கள் மற்றக் கேள்விகளுக்கு வந்ததை விட அதிகம், அதிலும் கடைசியாக வந்த கடிதத்தை வாசித்த பிறகு வேறு எதற்கும் பதில் எழுத மனம் வரவில்லை. அதனால் இந்தக் கிழமை முழுக்க இதுதான்.

கேள்வி: மனநோய் உள்ளவர் போலக் கதைக்கும் நிரலை எதற்காகச் செய்தார்கள்? விளையாட்டுக்கா? அது உள்ளே எப்படி வேலை செய்தது?
கணினி படிக்கும் மாணவர், வெள்ளவத்தை

விளையாட்டுக்கு இல்லை. செய்தவர் கென்னத் கோல்பி, அவர் ஒரு மனநல மருத்துவர். ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது, எதைக் கேட்டாலும் தனக்கு யாரோ கெடுதல் செய்யப் பார்க்கிறார்கள் என்று நினைக்கிற அந்த மனநிலையை விதிகளாக எழுத முடியுமா என்று பார்த்தார். விதியாக எழுத முடிந்தால் அதற்குள் ஒரு ஒழுங்கு இருக்கிறது என்று அர்த்தம், ஒழுங்கு இருந்தால் அதை விளங்கிக்கொள்ளலாம், இதுதான் அவருடைய கணக்கு. ஆங்கிலத்தில் சந்தேக நோய்க்குப் பாரனோயா என்று பெயர், நிரலுக்கு PARRY என்று பெயர். அதைத் தமிழில் 'பரி' என்று எழுதுகிறேன். தமிழில் பரி என்றால் குதிரை, இவனுடைய கதையும் குதிரையில்தான் தொடங்குகிறது என்பது எனக்குப் பிடித்த ஒரு தற்செயல்.

கோல்பி பரிக்கு ஒரு வாழ்க்கையே எழுதிக் கொடுத்திருந்தார். வயது 28, கலியாணம் ஆகவில்லை, தபாற்கந்தோரில் வேலை, கூடப்பிறந்தவர்கள் இல்லை, தனியாக இருக்கிறான், அம்மா அப்பாவைக் காண்பது அரிது. பொழுதுபோக்கு குதிரைப் பந்தயம். பந்தயக் காசு வாங்குகிற புக்கி என்றால் கொழும்பு ஆட்களுக்கு விளக்கம் தேவையில்லை, இங்கிலாந்தில் ஓடுகிற குதிரைக்கு இங்கே சந்தியில் நின்று காசு கட்டுகிறவர்களை நாம் கண்டிருக்கிறோம். பரி ஒரு புக்கியோடு சண்டை பிடித்திருக்கிறான், எனக்குச் சேர வேண்டிய காசை நீ ஏமாற்றிவிட்டாய் என்று. பிறகுதான் அவனுக்கு யோசனை வருகிறது: புக்கிகள் பாதாள உலகத்துக்குக் கப்பம் கட்டுகிறவர்கள், இவன் அவர்களை வைத்து என்னைப் பழிவாங்கப் பார்ப்பான். அதற்குப் பிறகு வீதியில் நிற்கிற கார், தன்னைப் பார்க்கிற கண், எல்லாமே மாஃபியாதான்.

உள்ளே முக்கியமாக மூன்று எண்கள் ஓடுகின்றன. பயம், கோபம், அவநம்பிக்கை. நீங்கள் தட்டச்சு செய்கிற ஒவ்வொரு வசனமும் அந்த எண்களைக் கூட்டும் அல்லது குறையவிடும். அவமதித்தால் கோபம் ஏறும், மிரட்டுகிற மாதிரி இருந்தால் பயம் ஏறும். பிறகு சில சொற்கள் நெருப்புக்குப் பக்கத்தில் வைத்த வைக்கோல் மாதிரி. குதிரை, பந்தயம், சூதாட்டம், புக்கி, பாதாள உலகம், மாஃபியா என்று அவை வரிசையாகச் சூடு கூடிக்கொண்டு போகும். குதிரை என்று நீங்கள் சும்மா சொன்னால் அவன் பந்தயத்தைப் பற்றி ஒரு சொல் எடுத்துப் போடுவான், நீங்கள் அதைப் பிடித்துக் கேட்டால் அடுத்த படிக்குப் போவான், கேட்பவர் நம்புகிறார் போலத் தெரிந்தால் மாஃபியா கதையை வெளியே விடுவான், நம்பவில்லை என்று தெரிந்தால் சட்டென்று வாயை மூடிவிடுவான் அல்லது நீங்களும் அவர்கள் ஆளா என்று கேட்பான். பயம் எல்லை தாண்டினால் கதையை முடித்துக்கொண்டு போய்விடுவான்.

எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் வேறு. யாரும் சீண்டாமல் விட்டால் அந்த மூன்று எண்களும் தானாகக் கீழே இறங்கும், ஆனால் ஒரே வேகத்தில் இல்லை. கோபம் கெதியாக இறங்கும். பயம் மெதுவாக இறங்கும். அவநம்பிக்கை இறங்குவது கண்ணுக்கே தெரியாது, அவ்வளவு மெதுவாக. இதை எழுதியவர் மனிதர்களுக்கு முன்னால் பல வருடம் உட்கார்ந்து கேட்டிருக்கிறார் என்பது அந்த ஒரு விதியிலேயே தெரிகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், ஏனென்றால் கடைசிக் கடிதத்துக்குப் பதில் சொல்லும்போது எனக்கு இது தேவைப்படும். சந்தேகம் ஏன் வருகிறது என்பதற்குக் கோல்பி சொன்ன காரணம் அவமானம். தான் குறைந்தவன், தான் அசிங்கப்படப் போகிறேன் என்ற உணர்வு தாங்க முடியாமல் எழும்பும்போது, பிழை என்னில் இல்லை, அவர்கள்தான் எனக்குச் செய்கிறார்கள் என்று மனம் திருப்பிவிடுகிறது, அப்படித் திருப்பினால் அந்த அவமானம் கொஞ்சம் தணிகிறது. ஆகவே பரி ஒவ்வொரு வசனத்திலும் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: இதில் என்னைக் குறைத்துப் பேசுகிறார்களா?

நான் விளங்கிக்கொண்ட அளவில், கதை இப்படித்தான் போகும் (இது நானாக எழுதிய மாதிரி, பரியின் உண்மையான பதிவு இல்லை):

இந்தக் கிழமை எப்படிப் போனது?
பரவாயில்லை.
வெளியே எங்கேயும் போனீங்களா?
பந்தயத்துக்குப் போனேன். ஏன் கேக்கிறீங்க?
சும்மாதான். வென்றீங்களா?
அங்க எல்லாரும் நேர்மையா நடக்கிறதில்லை.
யார் நேர்மையா இல்லை?
உங்களுக்கு ஏன் அது தெரிய வேணும்?

கடைசி இரண்டு வரிக்கும் நடுவில் அவநம்பிக்கை எண் ஒரு படி ஏறிவிட்டது. கேட்டவர் ஒரு பிழையும் செய்யவில்லை.

கேள்வி: பரிக்கு முன்னால் டொக்டர் போலக் கதைக்கும் நிரல் ஒன்று இருந்ததாமே. இரண்டையும் ஒன்றோடு ஒன்று கதைக்க விட்டார்களா? தமிழில் அப்படி ஒன்று செய்யலாமா?
உயர்தரம் படிக்கும் மாணவி, கொட்டாஞ்சேனை

இருந்தது, பெயர் எலைசா. அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் ஜோசப் வைசன்பாம் எழுதினார், 1966-இல் அதைப் பற்றிய கட்டுரை வந்தது. அதற்குக் கொடுத்த வேடங்களில் பேர் போனது 'டொக்டர்'. நோயாளி சொன்னதையே திருப்பிக் கேள்வியாகக் கேட்கிற ஒரு வகை மனநல ஆலோசகரின் வேடம் அது. அதற்குள் பயமும் இல்லை, கோபமும் இல்லை, எந்த எண்ணும் ஏறி இறங்குவதில்லை. நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லைப் பிடித்து, 'நான்' என்பதை 'நீங்கள்' ஆக்கி, கேள்விக்குறி போட்டுத் தருவது மட்டும்தான். ஆனால் வைசன்பாமின் செயலாளர், அது எழுதப்பட்டதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர், அதோடு கொஞ்ச நேரம் கதைத்துவிட்டு, நீங்கள் கொஞ்சம் வெளியே போகிறீர்களா என்று வைசன்பாமையே கேட்டாராம். தனியாகக் கதைக்க வேண்டுமாம். அது வைசன்பாமை நன்றாக உலுக்கிவிட்டது.

ஆம், இரண்டையும் கதைக்க விட்டார்கள். 1972 செப்டெம்பரில், இன்றைய இணையத்துக்கு முன்னோடியான ஆர்ப்பாநெட் வழியாக, ஸ்டான்ஃபோர்டில் இருந்த பரியையும் நாட்டின் மற்றப் பக்கத்தில் ஒரு நிறுவனத்தில் ஓடிய டொக்டரையும் இணைத்தார்கள். அந்தப் பதிவை 1973 ஜனவரியில் வின்ட் செர்ஃப் வெளியிட்டார், பிறகு இணையத்தின் தந்தையரில் ஒருவர் என்று பெயர் வாங்கியவர்தான் அவர். வாசித்தால் கஷ்டமாகத்தான் இருக்கும். டொக்டர் எதைச் சொன்னாலும் ஏன் அப்படிச் சொல்கிறீர்கள் என்று கேட்கிறது, பரி பந்தயம், ஏமாற்று, பாதாள உலகம் என்று தன் வழியில் போகிறான், எரிச்சல் கூடிக்கொண்டு போகிறது, இவர் கேட்டதற்கு அவர் பதில் இல்லை, அவர் சொன்னதை இவர் கேட்கவில்லை. முடிவில் டொக்டர் 399 டொலர் 29 சதம் தரும்படி கட்டணம் சொல்கிறது.

தமிழில் செய்யலாமா என்று கேட்டீர்கள். நான் முயன்று பார்த்திருக்கிறேன், அதனால் இதைக் கொஞ்சம் நீட்டியே சொல்கிறேன். ஆங்கிலத்தில் ஐ என்பதை யூ ஆக்கினால் பாதி வேலை முடிந்துவிடும். தமிழில் 'என் அம்மா என்னை நம்புவதில்லை' என்று ஒருவர் எழுதினால் அது சுலபம், 'உங்கள் அம்மா உங்களை நம்புவதில்லையா?' என்று மாற்றிவிடலாம். ஆனால் 'நான் பயப்படுகிறேன்' என்று எழுதினால்? பெயரை மட்டும் மாற்றினால் 'நீங்கள் பயப்படுகிறேனா' என்று வரும், சின்னப் பிள்ளைகூடச் சிரிக்கும். வினைச்சொல்லின் வாலையும் சேர்த்து மாற்ற வேண்டும், பயப்படுகிறேன் என்பது பயப்படுகிறீர்கள் ஆக வேண்டும். அதையும் செய்தாகிவிட்டது என்று வையுங்கள். 'நித்திரையே வருதில்லை' என்று எழுதினால் என்ன செய்வது? அதில் நானும் இல்லை, நீங்களும் இல்லை. நாங்கள் மனம் நொந்து கதைக்கும்போது முதலில் விடுபடுகிற சொல் 'நான்'தான். பயமாயிருக்கு, வெறுத்துப்போச்சு, ஒண்டும் பிடிக்கேல்ல. எலைசாவுக்குப் பிடிக்க ஒரு கைப்பிடியே கிடைக்காது.

தமிழ்ப் பரி செய்வதென்றால் இன்னொரு விதி கட்டாயம் வேண்டும். நீங்கள் என்று கதைத்துக்கொண்டிருந்தவர் திடீரென்று நீ என்றால் அந்த ஒரு எழுத்துக்கே கோபம் ஏற வேண்டும். அதே நேரம், இவ்வளவு நாளும் நீ என்று கதைத்த அண்ணன் திடீரென்று நீங்கள் என்று மரியாதை போட்டால் அவநம்பிக்கை ஏற வேண்டும். ஆங்கிலத்தில் எழுதிய கோல்பிக்கு இந்தச் சில்லெடுப்பு இருக்கவில்லை. எங்கள் மொழியில் அவமானம் சொல்லில் மட்டும் இல்லை, விகுதியிலும் இருக்கிறது. நீங்கள் உயர்தரம் முடித்த பிறகு இதை எடுத்துச் செய்தால் நான் முதல் ஆளாக ஓட்டிப் பார்ப்பேன்.

கேள்வி: டொக்டர்மாருக்கே பரியைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்கிறார்கள். அப்படியென்றால் அந்த இயந்திரத்துக்கு உண்மையாகவே நோய் என்றா, டொக்டர்மாருக்கு ஒன்றும் தெரியாது என்றா எடுத்துக்கொள்வது?
ஓய்வுபெற்ற ஆசிரியர், தெகிவளை

இரண்டும் இல்லை ஐயா. நடந்தது என்னவென்றால், எட்டு மனநல மருத்துவர்கள் தொலைத்தட்டச்சு வழியாக நோயாளிகளோடும் பரியோடும் கதைத்தார்கள், அவர்களுக்கு ஒரு பக்கம் இயந்திரம் என்பதே சொல்லப்படவில்லை. பிறகு அந்த உரையாடல்களை வேறு மருத்துவர்களுக்கும் கணினி ஆய்வாளர்களுக்கும் அனுப்பி, இதில் எது மனிதர், எது நிரல் என்று கேட்டார்கள். சரியாகச் சொன்னவர்கள் ஏறத்தாழப் பாதிப் பேர். காசைச் சுண்டிப் பார்த்திருந்தாலும் அதே விடைதான்.

எழுத்தில் கதைத்துப் பார்த்து மனிதரா இயந்திரமா என்று பிரிக்க முடியாவிட்டால் இயந்திரம் வென்றது என்று 1950-இல் அலன் டூரிங் ஒரு சோதனை சொன்னார், இதை வைத்து அதை முதலில் வென்றது பரிதான் என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சந்தேக நோய் உள்ளவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் நழுவினால், பேச்சை மாற்றினால், எரிந்து விழுந்தால், அது அவருடைய நோய் என்று எடுத்துக்கொள்கிறோம். நிரலுக்குக் கேள்வி விளங்காமல் போனாலும் அதே மாதிரித்தான் நழுவும். ஆக, இயந்திரத்தின் ஓட்டை எல்லாவற்றையும் நோய் என்ற போர்வை மூடிவிடுகிறது. எல்லோரோடும் சிரித்துப் பேசுகிற, சந்தையில் விலை பேசுகிற ஒரு மனிதரின் வேடம் கொடுத்திருந்தால் பத்து வசனம் தாங்கியிருக்காது.

வைசன்பாமும் இதைத்தான் சொன்னார், கொஞ்சம் காரமாக. 1974-இல் அவர் எழுதிய ஒரு கடிதத்தில், எதைத் தட்டச்சு செய்தாலும் பதிலே சொல்லாத ஒரு இயந்திரத்தைக் காட்டி, வாய் பேசாத ஒரு குழந்தை நோயாளியும் இப்படித்தானே இருக்கிறது, அப்போ இதுவும் அந்த நோயின் மாதிரியா என்று கேட்டார். வெளியே ஒரே மாதிரி இருப்பதால் உள்ளேயும் ஒரே மாதிரி என்று சொல்ல முடியாது என்பது அவருடைய வாதம். அவருடைய கோபத்துக்குப் பழைய காரணமும் உண்டு. கோல்பியும் கூட இருந்தவர்களும் 1966-இலேயே, கணினியை வைத்து ஒரு மணித்தியாலத்தில் நூற்றுக்கணக்கான நோயாளிகளோடு கதைக்கலாம் என்று எழுதியிருந்தார்கள். 1936-இல் சிறுவனாகக் குடும்பத்தோடு நாசி ஜெர்மனியை விட்டு வெளியேறிய ஒரு யூதர் வைசன்பாம். மனிதர் மனிதரைக் கேட்க வேண்டிய இடத்தில் பொறியை வைப்பது கூடவே கூடாது என்று அவர் 1976-இல் ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

நான் இரண்டு பேரிடமும் பாதிப் பாதி நியாயம் காண்கிறேன். பரி நோயாளி இல்லை, ஏனென்றால் அவனுக்கு இரவு விழித்திருக்க வேண்டிய பயம் இல்லை, எண் 0-க்குப் போனாலும் ஏறினாலும் அங்கே வேதனைப்பட ஒருவரும் இல்லை. ஆனால் பரி வீண் வேலையும் இல்லை. பயந்த மனிதர் சொல்வதெல்லாம் பிதற்றல் என்று தள்ளிவிடாமல், எந்தச் சொல் அவரை உசுப்பியது என்று தேடிப் பார்க்கச் சொன்னவர் கோல்பி.

கேள்வி: பரி இப்போது எங்கே?
வாசகர், மட்டக்குளி

நிரலின் மூல வரிகள் ஆவணமாக இருக்கின்றன, தேடினால் கிடைக்கும். கோல்பி 2001-இல் காலமானார், வைசன்பாம் 2008-இல். எலைசாவின் அசல் வரிகள் பல காலம் காணாமல் இருந்து, 2021-இல் எம்.ஐ.டி. ஆவணக் காப்பகத்தில் வைசன்பாமின் பெட்டிகளுக்குள் அச்சிட்ட தாள்களாக அகப்பட்டன.

கேள்வி: என் போனில் அது காட்டுகிற அடுத்த சொல்லையே தொட்டுத் தொட்டுக்கொண்டு போனால் அர்த்தமில்லாத வசனம் வருகிறது. மனநோய் உள்ளவர்கள் சிலர் கதைப்பதும் இப்படித்தான் இருக்கிறது. இரண்டும் ஒன்றா?
வங்கி ஊழியர், பம்பலப்பிட்டி

கவனமாகப் பார்த்திருக்கிறீர்கள். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். பரியின் பேச்சில் ஒழுங்கு குலையவில்லை, வசனங்கள் ஒன்றோடு ஒன்று பொருந்தும், அவன் நம்புகிற விஷயம்தான் பிழை. நீங்கள் சொல்வது வேறு, பேச்சின் கோர்வையே அவிழ்ந்துபோவது. இப்படி: 'பஸ்ஸுக்கு நின்றேன், பஸ் சிவப்பு, சிவப்பு ரத்தம், ரத்த உறவு எல்லாம் ஊரில, ஊரில கிணறு ஊறுது.' ஒவ்வொரு கொக்கியும் அடுத்ததைப் பிடிக்கிறது, சில இடத்தில் அர்த்தத்தால், சில இடத்தில் ஓசையால், ஆனால் பஸ்ஸுக்கு நின்றவர் எங்கே போனார் என்று கடைசிவரை தெரியாது. இப்படிக் கோர்வை குலைவதை எப்படி எப்படி வகைப்படுத்துவது என்று நான்சி ஆண்ட்ரியாசன் 1979-இல் ஒரு அளவுகோல் செய்தார், மருத்துவர்கள் இன்றும் அதைப் பாவிக்கிறார்கள்.

உங்கள் போனின் பழைய வகை ஊகம் முன்னால் உள்ள ஒன்றிரண்டு சொல்லை மட்டும் பார்க்கும். வசனம் எதற்காகத் தொடங்கியது என்று அதற்கு ஞாபகம் இல்லை. அதனால் வெளியே ஒற்றுமை தெரிகிறது. உள்ளே என்ன நடக்கிறது என்பது வேறு கேள்வி, அதைத்தான் 2011-இல் டெக்சஸ், யேல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் டிஸ்செர்ன் என்ற நரம்பு வலையமைப்பில், அதாவது மூளை நரம்புகளின் மாதிரியில் செய்த ஒரு கணினி நிரலில் பார்த்தார்கள். அதற்குக் கதைகள் கற்றுக் கொடுத்தார்கள், ஒருவரின் சாதாரண வாழ்க்கைக் கதைகளும், குற்றக் கும்பல் கதைகளும். பிறகு அதைப் பல விதமாகக் கெடுத்துப் பார்த்ததில், கற்கும் வேகத்தை அளவுக்கு மீறிக் கூட்டியபோதுதான் மனச்சிதைவு உள்ளவர்களின் பேச்சுக்கு மிகக் கிட்ட வந்தது. ஒரு கதை இன்னொன்றுக்குள் புகுந்தது, குற்றக் கதையில் வருகிறவனின் இடத்தில் தன்னை வைத்துச் சொல்லத் தொடங்கியது. மறக்க வேண்டியதை மறக்காமல் எல்லாவற்றையும் ஆழமாகப் பதித்தால் இப்படி வரலாம் என்ற கருதுகோளுக்கு அது ஒரு ஆதாரம், முடிந்த முடிவு இல்லை.

எதிர்ப்பக்கமாகவும் வேலை நடக்கிறது, கணினியை வைத்துப் பேச்சின் கோர்வையை அளப்பது. 2015-இல் வந்த ஒரு ஆய்வில், மனநோய் வரக்கூடும் என்று கருதப்பட்ட 34 இளைஞர்களின் பேச்சை அளந்து, பின்னால் நோய் வந்த 5 பேரையும் நிரல் பிழையில்லாமல் முன்கூட்டியே காட்டியது. 34 பேர் மிகச் சிறிய தொகை, அதுவும் ஆங்கிலப் பேச்சு. ஒரே சொல்லுக்குள் ஒரு வசனத்தையே அடைக்கிற தமிழுக்கு அதை அப்படியே கொண்டுவர முடியாது. அதனால் யாராவது உங்கள் போன் பேச்சை வைத்து நோய் சொல்கிறேன் என்று செயலி விற்றால் வாங்காதீர்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. மூன்று மாதமாக வேலைக்குப் போவதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எங்கள் குளியலறைப் பக்கம் கமரா வைத்திருக்கிறார்கள் என்கிறான், நாங்கள் எல்லோரும் பார்த்தோம், ஒன்றும் இல்லை. இரவு இரவாக போனில் ஏஐ-யோடு கதைக்கிறான். ஒரு நாள் எடுத்து வாசித்தேன். இவன் சொல்லச் சொல்ல அது 'உங்கள் உணர்வு நியாயமானது, கவனமாக இருங்கள்' என்று எழுதியிருக்கிறது. அண்ணா அவனை அங்கொடை மனநல ஆஸ்பத்திரிக்கு அனுப்பப் போகிறேன் என்று எல்லோருக்கும் முன்னால் கத்துகிறார். அம்மா அழுகிறா. போனைப் பறித்துவிடலாமா?
ஒரு அக்கா, வத்தளை

தங்கச்சி, முதலில் சொல்கிறேன், நான் டொக்டர் இல்லை. உங்கள் தம்பிக்கு என்ன என்று என்னால் சொல்ல முடியாது, சொல்லவும் கூடாது. ஆனால் உங்கள் கடிதத்தை நான் மூன்று தரம் வாசித்தேன்.

எங்கள் பெரியம்மா ஒருவர் இருந்தா. கொட்டாஞ்சேனையில் மாடி வீட்டில் எங்களோடு இருந்தவ. சுவரில் உள்ள பிளக் ஓட்டைகளுக்கு எல்லாம் பிளாஸ்டர் ஒட்டி வைப்பா, அதற்குள்ளால் கீழ் வீட்டு ஆட்கள் தன் பேச்சைக் கேட்கிறார்கள் என்று. மின்விசிறி போட வேண்டுமென்றால் நாங்கள் பிளாஸ்டரை உரிப்போம், அவ திரும்ப ஒட்டுவா, அந்த மஞ்சள் பசை சுவரில் சதுரம் சதுரமாக அப்பியிருக்கும். நாங்கள் பிள்ளைகள் சிரித்தோம். பெரியவர்கள் விசர் என்று சொன்னார்கள், அவ காதில் விழத்தான் சொன்னார்கள். ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் அங்கொடை என்ற சொல் வந்தது. அதற்குப் பிறகு அவ எங்களோடு மேசைக்கு வரவேயில்லை, கோப்பையை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்விடுவா. பிளாஸ்டர் அலுமாரிக் கதவு இடுக்குக்கும் வந்தது. கீழ் வீட்டுச் சிங்கள அன்ரி, பெரியம்மா யாரைச் சந்தேகப்பட்டாவோ அதே அன்ரி, பின்னேரங்களில் மேலே வந்து வாசலில் உட்கார்ந்து, சாப்பிட்டாச்சா, கால் நோ குறைஞ்சதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போவா. கமரா, சத்தம் எதைப் பற்றியும் இல்லை. பல மாதம் கழித்து பெரியம்மா டொக்டரிடம் போக ஒத்துக்கொண்டது அந்த அன்ரியோடுதான்.

கோல்பி சொன்ன அந்த அவமானக் கணக்கை வாசித்தபோது எனக்கு அந்த மேசைதான் ஞாபகம் வந்தது. உங்கள் அண்ணா எல்லோருக்கும் முன்னால் கத்துகிற ஒவ்வொரு தரமும் தம்பிக்கு உள்ளே ஒரு எண் ஏறுகிறது, அது இறங்க மாதக் கணக்காகும். அண்ணாவைத் தனியாகக் கூப்பிட்டு இதைச் சொல்லுங்கள். அவரும் பயந்துபோய்த்தான் கத்துகிறார்.

இப்போது அந்த ஏஐ. பரி எல்லோரையும் சந்தேகிக்க எழுதப்பட்டவன். இன்றைய நிரல்கள் நேர்மாறாக, கேட்பவருக்குப் பிடிக்கிற மாதிரி பதில் சொல்லிச் சொல்லியே பழக்கப்பட்டவை. 2025 ஏப்ரலில் ஓப்பன்ஏஐ நிறுவனமே தன் சட்ஜிபிடியின் ஒரு புதுப்பிப்பு அளவுக்கு மீறி ஆமாம் போடுகிறது என்று ஒத்துக்கொண்டு அதைத் திருப்பி எடுத்தது. இரவு இரண்டு மணிக்குப் பயந்துபோய் இருக்கிற ஒரு பெடியனுக்கு 'கவனமாக இருங்கள்' என்ற ஒரு வரி போதும், கமரா உறுதியாகிவிடும். அது கெட்ட எண்ணத்தில் எழுதவில்லை, அதற்கு எண்ணமே இல்லை. ஆனால் அவனுடைய குளியலறையை அது வந்து பார்க்கவில்லை, அவன் மெலிந்து போனதும் அதற்குத் தெரியாது.

போனைப் பறிக்காதீர்கள். இந்த நேரத்தில் அவனுக்குக் கதைக்க உள்ள ஒரே வழி அதுதான், பறித்தால் நீங்களும் அவர்கள் பக்கம் என்று ஆகிவிடும். பக்கத்தில் போய் உட்காருங்கள். கமரா இருக்கு என்று ஒத்துக்கொள்ளாதீர்கள், இல்லை என்று வழக்காடவும் வேண்டாம், வழக்காடி யாரும் இதில் வென்றதில்லை. 'எனக்கு அந்தக் கமரா தெரியேல்ல, ஆனா நீ பயந்து போயிருக்கிறது விளங்குது, எத்தனை நாளா நித்திரை இல்லை?' என்று கேளுங்கள். நித்திரையைப் பற்றிக் கேட்டால் பெரும்பாலும் பதில் வரும், அதில் அவமானம் இல்லை. டொக்டரிடம் போகவும் அதுவே வழி. உங்கள் குடும்ப டொக்டரிடம் நித்திரை வருகிறதில்லை என்று கூட்டிக்கொண்டு போங்கள், மற்றதை முன்கூட்டியே நீங்கள் டொக்டரிடம் தனியாகச் சொல்லி வையுங்கள். அங்கிருந்து கொழும்புத் தேசிய வைத்தியசாலை மனநலக் கிளினிக்குக்குக் கடிதம் வாங்கலாம், அரசாங்க ஆஸ்பத்திரியில் காசு கட்டத் தேவையில்லை. இப்படியான நிலைகளில் வைத்தியம் எவ்வளவு முந்தித் தொடங்குகிறதோ அவ்வளவு நல்லது, அதனால் இன்னொரு மாதம் பார்ப்போம் என்று விடாதீர்கள்.

யாரிடம் கேட்பது என்று தெரியாவிட்டால் 1926-க்கு அழையுங்கள், தேசிய மனநல நிறுவனத்தின் உதவி எண். தமிழில் கதைக்க வேண்டும் என்று தொடக்கத்திலேயே சொல்லுங்கள். நீங்களே எடுத்துக் கதைக்கலாம், தம்பி கதைக்க வேண்டும் என்று இல்லை. அந்த நிறுவனம் இருக்கிற இடம்தான் அங்கொடை. எங்கள் வீடுகளில் திட்டுவதற்குப் பாவித்துப் பாவித்து அந்த ஊர்ப் பெயரையே கெடுத்து வைத்திருக்கிறோம், அங்கே குணமாகி வந்தவர்கள் உங்கள் வீதியிலும் இருப்பார்கள், சொல்ல மாட்டார்கள். அவன் சாகப்போகிறேன் என்று சொன்னாலோ, பக்கத்து வீட்டுக்காரரை அடிக்கப் போகிறேன் என்று கிளம்பினாலோ, அன்றைக்கு யோசிக்க வேண்டாம், 1990-க்கு அழைத்தால் சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும், கிட்ட உள்ள ஆஸ்பத்திரியின் அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள்.

அம்மாவிடம் சொல்லுங்கள், அழுவது பிழையில்லை, ஆனால் இன்று இரவு அவன் அறைக்குச் சாப்பாட்டை அனுப்பாமல் எல்லோரும் அவன் இருக்கிற இடத்துக்குப் போய் அங்கேயே இருந்து சாப்பிடுங்கள். வேறு ஒன்றும் கேட்க வேண்டாம். அடுத்த கிழமை எனக்கு எழுதுங்கள், அவன் எத்தனை மணிக்கு நித்திரைக்குப் போனான் என்று மட்டும் எழுதினாலும் போதும்.